ஆறும் கடலும் சேறும்: ஒருநாட் பயணம்

நற்பிட்டிமுனையாருக்குச் சேறு இன்னதென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே வாவியின் கிளை. அதனைக் கிட்டங்கித் தாம்போதி வழியாகக் கடந்தால் நாவிதன்வெளி, சவளக்கடைப் பக்கத்து வயல்கள். கிழக்கே கல்முனையைத் தாண்டினால் வங்காள விரிகுடாவின் அலையோசை. பிட்டி என்பது மேட்டு நிலம். முனை என்பது நீரை நோக்கி நீண்ட நிலம். ஊர்ப் பெயரைப் பிரித்துப் பொருள் கொண்டால், நீருக்கு நடுவே வாய்த்த நல்லதொரு மேடு என்பதே கிடைக்கும். உழவு நாளிலே முழங்கால் வரை சேற்றுடன் வீடு திரும்பும் ஒருவனை, வாசலிலேயே நிறுத்தி, "கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டு வா" என்று சொல்லும் தாய்மார் நிறைந்த ஊர் அது.

இந்த ஆற்றையும் கடற்கரையையும் சேற்றையும் ஒரே நாளிற் காட்டுவதற்குப் பயணிகளிடம் கட்டணம் வாங்கும் ஊர் ஒன்று துருக்கி நாட்டிலே உண்டு என்றால், அத்தாய்மார் நகைக்கக்கூடும். ஆயினும் அது மெய். அந்த ஊரின் பெயர் தல்யான். அங்கே ஒருநாட் பயணம் எவ்வாறு நடைபெறுகிறது, பயணிகள் உடலிற் பூசிக்கொள்ளும் சேறு எங்கிருந்து வந்தது, அந்தச் சேற்றுக்கும் நம் கரையோரத்து மணலுக்கும் உள்ள உறவு யாது என்பனவற்றையே இன்றைய பேச்சிலே விளக்க எண்ணுகிறேன்.

துருக்கியின் தென்மேற்கு மூலையிலே, முவ்லா மாகாணத்திலே, கொய்ஜெயிஸ் என்றொரு பெரிய ஏரி உண்டு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மலைகளிலிருந்து இறங்கும் நீர் இவ்வேரியிலே தங்கி, பின்னர் ஓர் ஆற்றின் வழியாக வளைந்து வளைந்து மத்தியதரைக் கடலை அடைகின்றது. அந்த ஆற்றங்கரையிலேதான் தல்யான் இருக்கின்றது. துருக்கி மொழியிலே 'தல்யான்' என்னும் சொல்லுக்கு, நீரோட்டத்தின் குறுக்கே மீன் பிடிப்பதற்காக அமைக்கும் அடைப்பு என்பது பொருள். மடவை இனத்து மீன்கள் ஏரிக்கும் கடலுக்கும் இடையே போய்வரும் வழியிலே இவ்வடைப்புகளில் அகப்படுகின்றன. சுற்றுலா வருவதற்கு முன்னர் இவ்வூரார் மீனையும் பருத்தியையும் நம்பி வாழ்ந்தனர். மட்டக்களப்பு வாவியிலே வலை வீசுவோருக்கு இவ்வூர் அந்நியமாகத் தோன்றாது.

காலையிலே படகுத்துறைக்குச் சென்றால், தட்டையான அடியும் மேலே துணிக்கூரையும் உடைய படகுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஆறு ஆழமற்றது, ஆதலாலேதான் அடி தட்டையாக அமைந்திருக்கின்றது. படகோட்டிகள் தமக்குள்ளே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தொழில் நடத்துகின்றனர். ஒவ்வொருவரும் தனித்தனியே பயணியின் கையைப் பிடித்து இழுக்கும் அவலத்துக்கு இடம் வைக்காத இம்முறை எனக்கு மிகவும் பிடித்தது. படகிலே ஏறியதும் அக்கரையிலே செங்குத்தான பாறையும், அப்பாறையின் நெற்றியிலே கோயில் முகப்புப் போலத் தூண்களுடன் குடைந்தெடுத்த கல்லறைகளும் தென்படும். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டளவிலே செதுக்கப்பட்டவை இவை. இவற்றுள் மிகப் பெரியது முற்றுப்பெறாதது. அதன் மேற்பகுதி நன்கு செதுக்கப்பட்டிருக்க, கீழ்ப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கின்றது. கல்தச்சர் மேலிருந்து கீழ்நோக்கி வேலை செய்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கல்லறைகளிலே துயில்வோரின் நகரம் கௌனோஸ். ஒரு காலத்திலே அது கடற்றுறைமுகம். உப்பும் உப்பிட்ட மீனும் அங்கிருந்து கப்பலேறின. இன்று அந்நகரத்து இடிபாடுகளின் மேல் ஏறி நின்று நோக்கினால், கடல் சில கிலோமீற்றருக்கு அப்பாலே மின்னுகின்றது. பண்டைத் துறைமுகம் இருந்த இடத்திலே ஒரு சிறு குளம் மிஞ்சியிருக்கின்றது. அதற்கு ஊரார் இட்ட பெயர் 'அட்டைக் குளம்'. கப்பல் நின்ற இடத்தில் இன்று அட்டை நெளிகின்றது!

இந்த மாற்றத்தைச் செய்தது எது? ஆறு சுமந்து வந்த மண். மலையிலே மழை பெய்யும்போது நீர் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகின்றது. ஓட்டம் விரைவாக இருக்கும் வரையில் மண் நீருடன் மிதந்து வரும். சமநிலத்தை அடைந்து ஓட்டம் தளர்ந்ததும் பாரமான மணல் முதலிலே படியும். நுண்ணிய வண்டல் இன்னும் சற்றுத் தூரம் சென்று, நீர் அசையாது நிற்கும் இடத்திலே மெல்லப் படியும். ஆற்றுநீர் உவர்நீரைச் சந்திக்கும்போது இந்நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு விரைவாக அடியிலே தங்குகின்றன. இவ்வாறு நூற்றாண்டுக் கணக்கிலே படிந்த வண்டல் கௌனோஸ் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. கடலுக்குப் போய்ச் சேர்ந்த மணலையோ, அலைகள் மீண்டும் கரைக்குத் தள்ளி, ஆற்றுவாய்க்குக் குறுக்கே ஒரு நீண்ட திடராக அடுக்கின. அத்திடரே இன்று பயணிகள் நீராடும் இஸ்துசுக் கடற்கரை. நகரத்தை அழித்த மண்ணும் பயணியை அழைக்கும் மண்ணும் ஒன்றே என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

துறைமுகம் தூர்ந்ததனால் வணிகம் மட்டுமன்று, மக்களின் உடல்நலமும் குன்றியது. தேங்கிய நீரிலே நுளம்பு பெருகிற்று. பண்டைய புவியியலாசிரியர் ஸ்திராபோ, கௌனோஸ் மாந்தரின் முகம் நோயினாற் பசுமை பூத்திருந்ததை ஓர் இசைவாணன் எள்ளி நகையாடிய கதையைக் கூறுகின்றார். கோடையின் வெப்பமும் மிகுதியாகப் பழம் உண்பதுமே காரணம் என அக்காலத்தார் எண்ணினர். நுளம்பே மலேரியாவைக் கொண்டு திரிகின்றதென்பதை றொனால்ட் றொஸ் இந்தியாவிலே 1897இலே கண்டறியும் வரை உண்மை வெளிப்படவில்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே இலங்கையை வாட்டிய பெரும் மலேரியாக் கொள்ளையைப் பற்றித் தம் முன்னோர் சொல்லக் கேட்டவர்கள், கௌனோஸ் மாந்தரை நகைக்கமாட்டார்கள்.

இனிச் சேற்றுக் குளியலுக்கு வருவோம். ஏரியின் தென்கரையிலே சுல்தானியே என்னுமிடத்திலே வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. நீரின் வெப்பம் ஏறத்தாழ 40 பாகை. மனித உடலின் வெப்பத்தைவிடச் சற்றே அதிகம். கந்தகம் கலந்திருப்பதால் அழுகிய முட்டையை ஒத்த நாற்றம் படகு கரையை அணுகும் முன்பே மூக்கை எட்டும். ஊருக்கு அண்மையிலே ஆற்றங்கரையிலும் சேற்றுக் குளியலிடம் உண்டு. குளிக்கும் முறை எளிது. இடுப்பளவு சேற்றிலே இறங்கி, உச்சி முதல் உள்ளங்கால் வரை அள்ளிப் பூசிக்கொள்ள வேண்டும். பின்பு வெயிலிலே நின்று காயவேண்டும். சேறு காயக் காயத் தோலை இறுக்கிப் பிடிக்கும். சிரித்தால் முகத்திலே வெடிப்பு விழும். நன்கு காய்ந்த பின்னர் நீர்த்தாரையின் கீழ் நின்று கழுவி, இறுதியிலே கந்தக வெந்நீர்த் தொட்டியிலே சற்று நேரம் அமர்ந்திருப்பர். ஆடவரும் பெண்டிரும் ஒரே இடத்திலே குளிப்பது அங்கு வழக்கம். அது தமக்கு ஒவ்வாதென எண்ணும் நம் பகுதி மாதர் கைகால்களுக்கு மட்டும் பூசிக்கொள்ளலாம்; படகிலேயே அமர்ந்து பிறருடைய கோலத்தைக் கண்டு களிக்கவும் செய்யலாம். இரண்டாவதே இன்பம் மிக்கது என்பது என் கருத்து.

இச்சேற்றினால் உண்டாகும் நன்மை யாது? பத்து வயது குறையும் என விளம்பரம் செய்வார்கள். அதனை நம்ப வேண்டியதில்லை. ஆனால் முற்றிலும் பொய்யெனத் தள்ளிவிடவும் இயலாது. வெதுவெதுப்பான சேறு, வெந்நீரைப்போல விரைவாக ஆறிவிடுவதில்லை. பிடித்த வெப்பத்தை மெல்ல மெல்ல உடலுக்குக் கொடுக்கின்றது. வெப்பத்தினால் தோலின் குருதிக்குழாய்கள் விரிகின்றன. இறுகிய தசைகள் தளர்கின்றன. மூட்டுத் தேய்வினால் வருந்துவோருக்கு நோவு சற்றுத் தணிகின்றது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலே மருத்துவர்களே சேற்றுச் சிகிச்சையைப் பரிந்துரைப்பதும் இதனாலேதான். ஒரு நாள் பூசிய சேறு ஆயுட்கால நோயைத் தீர்க்கும் என எதிர்பார்த்தல் மட்டும் தவறு. இதயநோய் உள்ளவரும், குருதி அழுத்தம் மிக்கவரும், கருவுற்ற மாதரும் வெந்நீர்த் தொட்டியை விலக்குதல் நலம். தோலிலே புண் அல்லது வெட்டுக்காயம் உள்ளவர், பலர் புரண்டெழுந்த சேற்றிலே இறங்கவே கூடாது.

நிலத்தடி வெந்நீருக்காகத் துருக்கி வரை போகவும் வேண்டியதில்லை. நம் அம்பாறை மாவட்டத்திலேயே மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் உண்டு. திருகோணமலைக் கன்னியாக் கிணறுகளை அறியாதார் இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தினாற் சூடேறி, வேறொரு பிளவின் வழியே விரைந்து மேலெழும் இடங்களே இவை. எரிமலை இல்லாத நாட்டிலும் வெந்நீர் ஊறுவதற்கு இதுவே காரணம்.

சேற்றைக் கழுவிய பயணிகளை ஏற்றிக்கொண்டு படகு மீண்டும் ஆற்றின் வழியே கீழே செல்கின்றது. நாணற்காட்டிடையே வழிகள் கிளைத்துக் கிளைத்துப் பிரியும். பழகாதவன் அகப்பட்டால் வெளியேறுவது அரிது. ஓரிடத்திலே நாணல் விலக, ஆற்றுநீர் ஒருபுறமும் கடல்நீர் மறுபுறமும் இருக்க, நடுவிலே 4.5 கிலோமீற்றர் நீளமான மணற்றிடர் தோன்றும். விரும்பினால் ஒருபுறம் உவர்ப்புக் குறைந்த நீரிலே குளித்துவிட்டு, சில அடிகள் நடந்து மறுபுறம் கடலிலே குளிக்கலாம்.

இந்த மணலுக்குப் பயணிகளுக்கு முன்னரே உரிமை பெற்ற வேறொரு கூட்டம் உண்டு. பெருந்தலைக் கடலாமைகள் மே மாதத்திலிருந்து இரவிலே இக்கரையேறி, மணலைத் தோண்டி, நூறளவான முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகின்றன. ஏறத்தாழ இரு மாதங்களிலே குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கின்றது. சூடு மிகுந்த மணலிலே பெண் குஞ்சுகளே மிகுதி. வெளிவந்த குஞ்சு, எத்திசையிலே வெளிச்சம் அதிகமோ அத்திசையை நோக்கி ஓடும். மனிதர் இல்லாத கரையிலே இரவில் வெளிச்சமாக இருப்பது கடலின் அடிவானமே. கரையிலே ஒரு மின்விளக்கு எரிந்தால், குஞ்சு அதனையே கடலென்று கருதி நிலத்தை நோக்கி ஊர்ந்து, விடிந்ததும் வெயிலிலே காய்ந்து மடியும்.

1987ஆம் ஆண்டிலே இக்கரையிலே பெரியதொரு ஹோட்டல் கட்டும் வேலை தொடங்கிற்று. ஹோட்டல் வந்தால் விளக்கு வரும்; விளக்கு வந்தால் ஆமை இல்லை. அப்போது கரையிலே சிறு குடிலொன்றில் வாழ்ந்த ஜூன் ஹைமொவ் என்னும் ஆங்கில மாது முதலில் குரல் எழுப்பினார். துருக்கியிலும் ஐரோப்பாவிலும் இருந்த இயற்கை ஆர்வலர்கள் அவருடன் சேர்ந்தனர். உலக வனவிலங்கு நிதியத்தின் தலைவராக அந்நாளிலிருந்த எடின்பரோக் கோமகன், விளைவுகளை ஆராயும் வரை வேலையை நிறுத்துமாறு கேட்டார். துருக்கி அரசு வேலையை நிறுத்தி, 1988இலே அப்பகுதி முழுவதையும் சிறப்புப் பாதுகாப்பு வலயமாக்கிற்று. ஹைமொவ் அம்மையார் 2022இலே, தம் 99ஆம் வயதிலே, காலமானார். முட்டையிடும் பருவத்திலே இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை அக்கரைக்கு எவரும் செல்லலாகாது. பகலிலும் குடை நாட்டுவதற்கு எல்லை உண்டு. கூட்டுக்கு மேலே குடைக்காம்பை ஊன்றினால் முட்டை சிதையும் அன்றோ?

ஹோட்டல் வராமையால் ஊர் வறுமையுற்றதா? இல்லை. ஹோட்டலிலே தங்கியிருந்தால் கரையைவிட்டு அசைந்திராத பயணிகள், ஊருக்குள்ளே தங்கி, ஒவ்வொரு நாளும் படகேறிக் கரைக்குப் போகவேண்டியவராயினர். படகோட்டிக்குப் பிழைப்பு கிடைத்தது. வீட்டிலே அறை வாடகைக்கு விடுபவருக்கும் உணவுச்சாலை நடத்துபவருக்கும் கிடைத்தது. ஆயினும் குறை இல்லாமலில்லை. பயணிகளுக்கு ஆமையைக் காட்டுவதற்காகச் சில படகோட்டிகள் நண்டுத் துண்டைக் கயிற்றிலே கட்டி நீரிலே விடுவதுண்டு. இரைக்குப் பழகிய ஆமை படகை நெருங்கி, சுழலும் மோட்டார் விசிறியிலே ஓடு வெட்டுண்ணும். அவ்வாறு காயமுற்ற ஆமைகளுக்குச் சிகிச்சை செய்யும் நிலையமொன்று கரையிலேயே இயங்குகின்றது. விசிறிக்குக் காப்புக்கூடு பூட்டும் முயற்சியும் நடந்திருக்கின்றது. ஆமையைக் காண விரும்பும் பயணி படகோட்டியிடம் அவசரப்படுத்தாதிருந்தாலே பாதித் தீங்கு குறையும்.

இதுவரை கேட்ட கல்முனைப் பகுதி நேயர் ஒருவர், "நமக்கும் கடல் உண்டு, வாவி உண்டு, சேறோ வேண்டியமட்டும் உண்டு; நாம் ஏன் இவ்வாறு ஒரு பயணம் அமைக்கலாகாது?" என வினவக்கூடும். நியாயமான வினாவே. விடை கூறுமுன் நம் கரையின் மண் எப்படி இருக்கின்றதென்று பார்க்கவேண்டும்.

நம் கரையிலும் மணல் ஓரிடத்திலே நிற்பதில்லை. ஆறுகள் கொணர்ந்த மணலை அலைகள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. ஒலுவிலிலே 2013இலே துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. கடலுக்குள்ளே நீட்டிய கல்லணைகள் மணலின் வழியை மறித்தன. தடுக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலிலே நிரம்பி, மீன்பிடிப் படகுகள் புக இயலாதவாறு அடைத்தது. வடக்கே ஒலுவிற் கரையும் நிந்தவூர்க் கரையும் வந்துசேர வேண்டிய மணலை இழந்து அரிப்புண்டன. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. வாடிகளும் காணிகளும் கடலுக்குள் சென்றன. கௌனோஸிலே மண் படிந்து துறைமுகம் அழிவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. இங்கே சில ஆண்டுகளே போதுமானதாக இருந்தன. மணல் எத்திசையிலே நடக்கின்றதென்று கரைவலை இழுப்போர் அறிவர். அவர்களை யார் கேட்டனர்?

மலைப்பக்கத்திலும் மாற்றம் நேர்ந்தது. 1949இலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்திலே பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனாநாயக்க சமுத்திரம் அமைத்தார்கள். அதனால் விளைந்த நெல்லை நாம் உண்கின்றோம். குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அணை நீரை மட்டும் தேக்குவதில்லை, மணலையும் தேக்குகின்றது. ஆற்றுப் படுக்கையிலே மணல் அள்ளும் ஒவ்வொரு லொறியும் கரைக்கு வரவேண்டிய மணலையே கொண்டுபோகின்றது.

வாவியின் கதை வேறு. பெரிய கல்லாற்றிலே வாவியின் வாயை மணல் அடைத்திருக்கும். மாரியிலே வெள்ளம் பெருகும்போது வெட்டிவிடுவர். வயலிலே நீர் ஏறும் உழவர் விரைவாக வெட்டச் சொல்வர். வாவி வற்றினால் மீனும் இறாலும் போய்விடும் என மீனவர் பொறுக்கச் சொல்வர். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. இன்னுமொன்று: கிட்டங்கிப் பக்கத்து நீரிலே முதலைகள் உள்ளன. சேற்றுக் குளியலுக்கு வந்த வெளிநாட்டாரை அங்கே இறக்கிவிட நான் துணியேன்!

கடற்கரையைப் பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26இலே அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எங்கும் வீட்டுக்கு வீடு அழுகுரல். அக்கரையிலே குடை விரித்துப் படுப்பதைப் பார்க்க இன்னும் மனம் ஒப்பாதவர் பலர் இருக்கின்றனர். பயணம் அமைக்க முனைவோர் முதலில் அவர்களுடன் பேசுதல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், முடியாதென்று கைவிரிக்கவும் வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் சென்றால் பொத்துவில். அங்குள்ள களப்பிலே உள்ளூர் மீனவர்கள் தம் தோணிகளிலே பயணிகளை ஏற்றி, கண்டற்காட்டினூடே இரண்டு மணி நேரம் கொண்டுபோய்க் காட்டுகின்றனர். கண்டல் மரங்களின் வேர்க்கூட்டம் ஓட்டத்தைத் தளர்த்தி வண்டலைப் பிடித்து வைத்திருப்பதை, தல்யானிலே கேட்ட பாடத்தை, அங்கே கண்ணாற் காணலாம். களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு. சற்றுத் தெற்கே அறுகம் குடாவின் கடற்கரை. சேறு பூசுவோர் மட்டும் இல்லை. எருமைகள் அக்குறையை நிறைவு செய்கின்றன.

போகின்றவர்கள் விடியற்காலையிலோ, வெயில் தணிந்த மாலையிலோ தோணியேறுதல் நன்று. அந்நேரங்களிலேயே பறவைகள் மிகுதி, கரையிலே யானை நீர் அருந்த வருவதும் மாலையிலேதான். மோட்டாரின்றிக் கோலூன்றித் தள்ளும் தோணியைக் கேட்டு அமர்த்திக்கொள்ளுங்கள். நீரிலே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரவேண்டாம்; முதலை அங்கும் உண்டு. கட்டணத்தை ஏறுமுன்னரே பேசித் தீர்த்துக்கொள்வது தோணிக்காரருக்கும் உங்களுக்கும் நல்லது.